உள்ளிருந்து திறக்கும் கதவு

ரூபன் தோகாவிலிருந்து சொல்லச் சொல்ல
முரசுமோட்டையில் நான் அடிக்கிறேன்.
முதலில் ஒரு பிழை. பிறகும் அதே பிழை.
"இடைவெளி விட்டனியோ?"
"எந்த இடத்தில?"
"சிறுகோட்டுக்கு முன்னால."
மேசைக்குக் கீழே யூபிஎஸ் கீச்சிடுகிறது.

முதல் நாலு சம்பளத்தில் வாங்கிய கணினி.
வீட்டுப் படம் கீறும் மென்பொருள்
இதற்குள்தான் கிடக்கிறது.
அங்கே அவனுக்கு ஒரு மெலிந்த மடிக்கணினியும்
ஆறு பேர் அறையில் ஒரு மேற்கட்டிலும்.
இரவில் பரந்தன்காரருக்கு வீடு கீறிக் கொடுத்தால்
கடன் இரண்டு வருடத்தில் முடியும்.

"எங்கட வீட்டுக்கு விலாசம் இல்லை"
என்றான் மூன்றாம் நாள்.
எனக்குக் கோபம் வந்தது.
"காணி உறுதி இருக்கு. கரண்ட் பில் வருது."
"இணையத்தில சொல்லுறன்.
சிம் போட்ட ரவுட்டர். கம்பனிக்காரன்
ஒரு விலாசத்தை ஆயிரம் வீட்டுக்குப் பிரிச்சிருக்கிறான்.
வெளியில நிண்டு தட்டினால்
எந்தக் கதவெண்டு ஒருத்தருக்கும் தெரியாது."

அது எனக்கு விளங்கியது.
முகாமில் ஒரே வலயம், ஒரே வாசல்.
பெயர் கூப்பிட்டால் ஏழு சுபாசினி எழும்புவோம்.
தேடி வந்த மாமா
வேலிக்கு வெளியே இரண்டு நாள் நின்றுவிட்டுப் போனார்.
உள்ளேயிருந்து நான் கொடுத்தனுப்பிய துண்டுதான்
அவரைத் திரும்பக் கொண்டுவந்தது.

"அதேதான். வீடுதான் கூப்பிட வேணும்."
சிங்கப்பூரில் மாத வாடகைக்கு ஒரு சின்ன இயந்திரம்.
வீடு அதன் கையைப் பிடித்துக்கொண்டே இருக்கும்,
கரண்ட் போய் வந்தாலும் மறுபடி பிடிக்கும்.
அவன் அந்தக் கை வழியாக நடந்து வருவான்.

திரை கேட்டது:
இந்த இயந்திரத்தை முன்பின் அறியேன்.
இதன் கைரேகை இது. தொடரவா?
"ஓம் எண்டு அடி."
அடிக்கவில்லை.
"உன்னட்ட இருக்கிற ரேகையை வாசி.
ஒவ்வொரு எழுத்தாய்."
"நாப்பத்திமூண்டு எழுத்து, சுபா.
விடிய அஞ்சு மணிக்கு பஸ்."
"வாசி."
கேட்டார்கள் என்பதற்காக ஓம் சொன்ன காலம்
எனக்கு ஒன்று இருந்தது.
அவன் வாசித்தான்.

பிறகு வாட்ஸப்பில் ஒரு நீண்ட வரி.
"திறப்பை இப்பிடியே அனுப்புறது?"
"அது திறப்பில்லை, பூட்டு. ஊருக்கே காட்டலாம்.
திறப்பு என்னட்ட."
பூட்டைக் கொழுவினேன்.
"கடவுச்சொல் வழியை அடைக்க முதல்
ஒருக்கா வந்துபார்" என்றேன்,
"பிறகு வெளியில நிண்டு அழாத."
வந்தான். போனான். அடைத்தேன்.

மறுநாள் சிங்கப்பூர்ப் பதிவேட்டைப் பார்த்தேன்.
ஒரே இரவில் நாலாயிரம் தட்டல்:
ரூட், அட்மின், டெஸ்ட், மறுபடி ரூட்.
எங்கள் நாய் ஒருதரம்கூடக் குரைக்கவில்லை.
ஒன்று நாற்பதுக்கு, மூன்று முறை,
திறப்பில்லாமல்: ரூபன்.

"போனில இருந்து" என்றான். "நித்திரை வரேல்லை.
உண்மையாப் பூட்டித்தான் கிடக்கோ எண்டு பாத்தன்."
"பூட்டித்தான் கிடக்கு" என்றேன்.
கொஞ்ச நேரம் இரண்டு பேரும் கதைக்கவில்லை.

இப்போது இரவு பத்துக்கு மேல்
அம்புக்குறி தானாய் அசைகிறது.
நான் பிட்டுத் தட்டோடு பக்கத்தில் இருக்கிறேன்,
யாரோ ஒருவரின் குசினி கோடு கோடாய் வளர்கிறது.
மேற்கில் ஒரு சன்னல் வைத்தான்.
இடக்கையால் குறிப்பேட்டைத் திறந்து அடித்தேன்:
"அதால பின்னேர வெயில் அடிக்கும். சாப்பிட்டனியோ?"

அம்பு நின்றது.
கீழே எழுத்துகள் ஒவ்வொன்றாய் வந்தன:
"நீர் ஆர்?
முதலில உம்மட கைரேகையை வாசியும்."

கையைக் கழுவிவிட்டு வந்து
விசைப்பலகையை மடிக்கு இழுத்தேன்.