மணலுக்குப் பேர்மிட்

உப்பாற்றுக் களப்பில் வற்று நேரம்.
சபூர்தீனின் தோணியைப் பிடித்துக்கொண்டு
இடுப்பளவு சேற்றில் நின்று
குழாயை அடித்து இறக்கினோம்.
இரண்டு மீட்டரில் அது பிடிவாதம் பிடித்தது.
போதும் என்றான் டிலக்சன்.
போதாது என்றேன். ஆனாலும் இழுத்தோம்.

திருகோணமலை, உவர்மலையில் வாடகை வீடு.
ஜன்னலுக்கெல்லாம் தார்ப்பாய், ஒரு சிவப்பு பல்ப்.
பக்கத்து வீட்டு ரீச்சர் இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு
"பிள்ளை, உள்ளுக்க என்ன நடக்குது?" என்றா.
மணலுக்கு வயது பார்க்கிறோம் என்றேன்.
கேற்றைச் சாத்திக்கொண்டு போனா.
மறுநாள் புள்ளிமான் ஒன்று உள்ளே வந்து
வெயிலில் காயவைத்த குறிப்பேட்டில்
நாற்பது தொடக்கம் நாற்பத்தாறு சென்டிமீட்டர் வரை
தின்றுவிட்டுப் போனது.

குழாயைப் பிளந்தால்
மேலே கரிய சேறு, அழுகிய முட்டை மணம்;
மகாவலியை மேலே மறித்த பிறகு
மணல் மெலிந்துபோன சேறு.
பதின்மூன்றாவது சென்டிமீட்டரில்
ஒரு விரல் தடிப்பில் வெள்ளை மணல்.
அதற்கு நாங்கள் வயது பார்க்கவில்லை.
அந்த டிசம்பர் ஞாயிறு
எங்கள் எல்லோருக்கும் மனப்பாடம்.

அதற்கும் கீழேதான் விசித்திரம்:
மயிரிழை மயிரிழையாய்க் கோடுகள்,
ஒன்றும் கலையாமல், ஒன்றும் குழம்பாமல்.
இவ்வளவு ஒழுங்கான சேற்றை
பாடப்புத்தகத்தில்கூடக் கண்டதில்லை என்றான் டிலக்சன்.
சபூர்தீன் குனிந்து பார்த்தார்.
"அப்ப பாஸ் குடுக்கல்ல.
றால் வலை இழுக்க ஒருத்தரையும் விடல்ல.
ஆர் உழக்குற இந்தச் சேத்த?"
அளவுகோலை வைத்துக் கோடுகளை எண்ணினேன்.
இரண்டு தரம் தவறியது.

ஒன்று எழுபதில் இன்னொரு மணல்.
தடித்தது. உடைந்த பவளம், சிப்பி,
மலைநாட்டிலிருந்து ஆறு உருட்டி வந்த
சிவப்புக் கார்னெட் மணிகள்.
இன்னொரு அலை. அதன் நாளை மனப்பாடம் செய்தவர்
எவரும் மிச்சமில்லை.

மணல்மணி புதைந்த கணத்திலிருந்து
சுற்றியுள்ள மண்ணின் கதிரைத்
துளித்துளியாய் உள்ளே சேர்க்கிறது.
வெயில் பட்டால்
சேர்த்ததை எல்லாம் கொட்டிவிடும்.
அதனால் சிவப்பு பல்ப். அதனால் மூன்று இரும்புக் குழாய்,
கறுப்பு டேப், என் மடியில்,
கண்டி பஸ்ஸில்.

கந்தளாய்க்கு இப்பால் மறித்தார்கள்.
"என்ன இது?"
"மணல்."
"மணலுக்குப் பேர்மிட்?"
பேர்மிட் கியூப் கணக்கில் தருவார்கள்.
என்னிடம் இருந்தது முந்நூறு கிராம்.
கடிதத்தை நீட்டினேன், மூன்று மொழியிலும் முத்திரையோடு.
இளம் ஆள். மூக்கில் வேர்வை.
பெயர்ப்பட்டையில் விஜேகோன்.
திறந்தால் கெட்டுப்போகும் என்றேன்.
கெட்டுப்போகும் மணலை அவர் கேள்விப்பட்டதில்லை.
நடுக்குழாயை எடுத்து
நகத்தால் டேப்பைக் கிளப்பி
உள்ளங்கையில் கொட்டினார்.

காலை பத்தரை. மேகமே இல்லை.

நான் கத்தவில்லை. பஸ்ஸில் யாரோ
நேரமாகுது என்றார்கள்.
அவர் ஒரு மணியை விரல்நுனியில் ஒற்றி
வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார்.
"மாணிக்கமா?"
"அந்தச் சாதிதான். விலை போகாது."
சிரித்தார். கையைப் பொத்தி
ஒரு மணி சிந்தாமல் குழாய்க்குள் திருப்பிவிட்டு
டேப்பை என்னைவிட நேர்த்தியாய்ச் சுற்றித் தந்தார்.
அதில் அன்றைய திகதியை எழுதினேன்.
எறிய மனம் வரவில்லை.

மூன்று மாதம் கழித்து எண்கள் வந்தன.
முதற்குழாய், மூன்றாங்குழாய்:
எண்ணூற்று நாற்பது வருடம், அறுபது கூட அல்லது குறைய.
நடுக்குழாய்: பூச்சியம், பூச்சியம், பூச்சியம்,
பக்கம் முழுக்கப் பூச்சியம்.
அடியில் ஏழு மணிகள் மட்டும்,
அவருடைய விரலிடுக்கின் நிழலில் கிடந்தவையாக இருக்கும்,
எண்ணூற்றுச் சொச்சம் என்றன.