ஒரு தலை, மூன்று கால்

ஸ்கூட்டர் நிற்க வேண்டிய இடத்தில் லேத்.
ஸ்கூட்டர் மத்திகிரி மழையில்.

காயலான் கடையில் எடைக்கு வாங்கிய போரிங் ஹெட்;
ஒட்டிப் பிறந்த ஷாங்க்,
என் மில்லிங் மெஷினுக்குள் நுழையாத கால்.
அறுத்தேன்.
ஊர்த் துளையெல்லாம் பெருக்கிய தலைக்கு
இப்போது உச்சியில் ஒரு துளை.

நாலு தாடை சக்கில் பிடித்து
டயல் முள் அடங்கும்வரை தட்டித் தட்டி
மரை பாதி வெட்டியிருக்கையில்
சுவருக்கு அந்தப் பக்கம் நாகவேணி:
"எனக்கு அஞ்சரைக்குக் கம்பெனி பஸ்."
மீதி மரை மறுநாள்.

கால்கள் மூன்று செய்தேன்.
லேத்துக்கு ஒன்று, மில்லிங்குக்கு ஒன்று,
மூன்றாவது எதற்கென்று இன்னும் தெரியாது.

மாட்டினால் முள் துள்ளுகிறது. இருபது மைக்ரான்.
கழற்றி மாட்டினேன்,
முப்பது.
கணக்கைத் திட்டினேன், காயலான் கடைக்காரரைத் திட்டினேன்,
விடிந்தது.

பேரிங் கம்பெனியில் நாளெல்லாம் அளப்பவள்
செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டாள்:
"உட்கார்ற இடத்தைத் துடைச்சியா?"
துப்பட்டா நுனியால் ஒரு சுற்று.
இமைமுடியில் பாதி இருக்கும்,
ஒரு சீவல்.

முள் படுத்துவிட்டது.

பஸ் ஹாரன்.
ஓடிக்கொண்டே சொன்னாள்:
"அந்த மூணாவது காலை வித்துட்டு
ஸ்கூட்டருக்கு ஒரு கவர் வாங்கு."