4127

வார்டோ துறைமுகம். பகல் எட்டிப்பார்க்காத டிசம்பர்.
மூன்று நாளாய் ஓதமானி பேசவில்லை.
‘போர்ட் உபயோகத்தில் உள்ளது’
என்றே சாதிக்கிறது திரை.

கையுறையைப் பல்லால் கழற்றி
சுன்னிவா பூட்டுக்கோப்பைத் திறந்தாள்:
ஆறு வெற்றிடம், பிறகு 4127.
பூட்டியவன் பெயரில்லை, எண்தான்.

கொல்லும் கட்டளையில் பூஜ்யம் வைத்துக் கேட்டாள்:
உயிரோடு இருக்கிறாயா?
இருக்கிறேன்.

யாரென்று பார்த்தால்
நேற்றிரவு பிறந்த, கடிகாரம் திருத்தும் நிரல்.
சீரியல் கேபிளைக் கண்டதேயில்லை அது.
செத்தவன் எண்ணில் குடிவந்து
அவன் பூட்டுக்குத்
தெரியாமலே சாட்சி சொல்லியிருக்கிறது.

அழித்தாள். என்டர்.
நீர்மட்டம் இரண்டு மீட்டர் பதினொன்று
என்று வந்தது முதல் வரி,
ஒன்றுமே நடக்காததுபோல.

மூன்று நாள் கடல்
ஏறியதும் இறங்கியதும்
எந்தக் கோப்பிலும் இல்லை.