முன் படம், பின் படம்

பசுமை வகுப்பறை என்று
கார்த்திகையில் ஒரு சுற்றறிக்கை.
பத்துத் தொட்டி, சுவருக்குப் பச்சை வண்ணம்,
முன் படம் ஒன்று, பின் படம் ஒன்று.
தொகை இரண்டாயிரம்.

இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி
தினமும் சேலத்திலிருந்து மஞ்சக்குட்டை வருகிறவள் நான்.
பதினெட்டாவதில் கைப்பையிலிருந்து எலுமிச்சை எடுப்பேன்.
அந்த வயிற்றோடுதான் வாசித்துக் காட்டினேன்,
நான்காம் வகுப்பில், காலை பத்து மணிக்கு,
ட்யூப்லைட் வெளிச்சத்தில்.
கரண்ட் போனால் பாடமும் போகும் எங்களுக்கு.

"பச்சையா?" என்றாள் சின்னத்தங்கம்.
"அதான் வெளிய அவ்ளோ கெடக்குதே டீச்சர்."

கிடக்கத்தான் செய்தது.
சில்வர் ஓக் உச்சிவரை மிளகுக்கொடி,
அதன் காலடியில் காப்பி, காப்பிக்கு அடியில்
பெயர் தெரியாத எல்லாம்.
எங்களுக்கும் அதற்கும் நடுவில் ஒரு தகரம்.
கிழக்கு ஜன்னல் நெடுக ஆணி அடித்த தகரம்,
குரங்குகள் வந்த வருஷம் அடித்தது.
இழப்பு: முட்டை பதினொன்று, டஸ்டர் ஒன்று
என்று தீர்மானப் புத்தகத்தில் இருக்கிறது.
அந்தத் தகரத்தின் மேல்
யாரோ ஒரு மரம் வரைந்து
மரம் வளர்ப்போம் என்று எழுதியிருந்தார்கள்.

தொட்டிக்கான பணத்தில்
செவ்வாய்ப்பேட்டையில் கம்பிவலை வாங்கினேன்.
கண்டக்டர் அதற்கும் ஒரு டிக்கெட் போட்டார்.
ஆணி மொத்தம் பதினேழு.
பதினாறு கையில் வந்தது.
ஒன்று இன்றைக்கும் சுவரோடு இருக்கிறது,
லோகப்பிரியா அதில் தண்ணீர் பாட்டில் மாட்டுகிறாள்.

முதலில் வந்தது வெளிச்சமில்லை, தூசி.
பின்னால் ஒரு பல்லி, குடும்பத்தோடு.
மூன்றாம் நாள் மூடுபனி
உள்ளே வரலாமா டீச்சர் என்று கேட்காமல்
கடைசி பெஞ்ச் வரை போய் உட்கார்ந்தது.
ஜெல் பேனா எழுத்து ஊறிக்
குறிலெல்லாம் நெடிலானது.
திருத்தவில்லை.

ஜன்னலோர இடத்துக்குச் சண்டை.
நாளுக்கு ஒருவர் என்று முறை வைத்தோம்,
லீவு போட்டால் முறை போய்விடும்.
ஒழுகுகிற மூக்கோடுகூட வந்தார்கள்.

தொட்டி வாங்கக் காசில்லை என்றேன்.
பெயின்ட் டப்பாவில் புதினா வந்தது,
பிடி போன குக்கரில் கற்பூரவல்லி.
வேடியப்பன் உண்ணிச்செடி கொண்டுவந்தான்.
களைடா அது, என்றேன்.
"பூ இருக்குல்ல?"
இருந்தது. வைத்துக்கொண்டோம்.

அவனுக்கு எட்டாம் வாய்ப்பாடு
ஏழெட்டில் நின்றுவிடும், சேற்றில் ஜீப் மாதிரி.
மார்கழியில் ஒருநாள் அப்படித்தான் நின்றான்.
"ஏழெட்டு..."
யாரும் எடுத்துக்கொடுக்கவில்லை.
"ஏழெட்டு..."
"அம்பத்தாறு!"
வெளியே, காப்பிச் செடிக்குள்ளிருந்து.

எல்லோரும் எழுந்து பார்த்தோம்.
இடுப்பில் சாக்கு கட்டிய நாலைந்து பெண்கள்
குனிந்து பழம் பறித்துக்கொண்டிருந்தார்கள்,
ஒன்றுமே நடக்காத மாதிரி.
ஒருத்தியின் தோள் மட்டும் குலுங்கியது.
வேடியப்பன் பெஞ்சுக்கடியில் போய்விட்டான்.

அடுத்த வாரம் மேஸ்திரி வந்தார்.
ஜன்னலோர வரிசையில் ஒரு பழம் மிச்சமில்லை,
ஆட்கள் மட்டும் அங்கேயே நிற்கிறார்கள்,
கொஞ்சம் சத்தமில்லாமல் நடத்தமுடியுமா, என்றார்.
முடியாது என்று சொல்லவில்லை.
மறுநாள் குரலை உயர்த்தித்தான்
பின்னம் ஆரம்பித்தேன்.

தகரம் இப்போது சத்துணவுக்கூடத்தின் பின்னால்
விறகு நனையாமல் மூடியிருக்கிறது,
மரம் தெரியும்படி.

பின் படம் அனுப்பினேன். திரும்பி வந்தது.
ஜன்னல் பக்கம் வெளிச்சம் அடித்து
எல்லாம் வெள்ளையாக இருக்கிறதாம்,
பச்சை தெரியவில்லையாம்.
மறுபடி எடுத்தேன்.
இந்த முறை வலையைப் பற்றிக்கொண்டு ஒரு குரங்கு,
கரும்பலகையைப் பார்த்தபடி.

இனி பங்குனியில் ஒரு மழை விழுந்த பிறகுதான்.
அப்போது காப்பி பூத்திருக்கும்.
அதுவும் வெள்ளையாகத்தான் பூக்கும்.