எழுபத்து மூன்று ஜிபி

செவ்வாய்க்கிழமை மூன்றாவது விளக்கு
செம்மஞ்சளாய்ச் சிமிட்டத் தொடங்கியிருக்கிறது.
ஆவுடையப்பன் முதலாளி அதற்குச் சாம்பிராணி காட்டியிருக்கிறார்.
புகை எந்தப் பக்கம் போனது என்று
நான் கேட்கவில்லை.

செட்டியார் தெரு. கீழே தராசு.
மேலே, ஏசி ஒழுகும் அறையில், ஐந்து தட்டுகள்
இருபது வருடமாய்ச் சுற்றுகின்றன:
யார் எதை வைத்தார், என்ன வட்டி,
எந்தத் தேதி மூழ்கும்.

புதுசு வாங்கலாம்தான்.
புதுசுக்கு இந்தக் கணக்கு வாசிக்கத் தெரியாது.
எழுதியவன் மெல்பனில்;
ஈமெயில் போட்டால் திரும்பி வருகிறது.

பஞ்சிகாவத்தையில் ஃபலீல் நானா
கியர்பாக்ஸ்களுக்குப் பின்னால்
பிஸ்கட் டின்னில் ஏழு வைத்திருந்தார்.
ஒன்றைக் காதருகே பிடித்து மெல்ல ஆட்டினேன்.
"தேங்காயா மிஸ் வாங்குறீங்க?"
ரத்மலானையில் மூடிய கார்மெண்டிலிருந்து வந்ததாம்.
மேலே ஒட்டிய தாளில் சிங்களத்தில், பேனையால்:
கழற்ற வேண்டாம்.
என் ஃபோனிலேயே இதைவிட இடம் அதிகம்.
கேட்ட விலை கால் பவுன்.
கொடுத்தேன்.

சொருகினேன். பச்சை.
மிச்ச நான்கும் கூடி,
இல்லாதவன் என்ன சொல்லியிருப்பான் என்று
கூட்டிக் கழித்து
புதியவனுக்கு ஓதத் தொடங்கின.
ஒரு வீதம். இரண்டு வீதம்.
அந்தக் கிழடுகளில் இன்னொன்று நடுவில் படுத்தால்
தெருவே வந்து வாசலில் நிற்கும்.

நாலரைக்குக் கரண்ட் வெட்டு.
ஜெனரேட்டருக்கு டீசல் இல்லை,
பையன் விடியற்காலையிலிருந்து கேனோடு வரிசையில்.
யூபிஎஸ் பதினொரு நிமிடம் என்கிறது.
நான் ஆறு என்று வைத்திருக்கிறேன்.

மூன்று பத்து. அறுபத்தொரு வீதம்.
சும்மா இருக்க முடியாமல்
என் அடையாள அட்டை இலக்கத்தை அடித்தேன்.
வந்தது,
வயிற்றைக் கலக்கிவிட்டு, ஆறுதலாக:
காப்பு இரண்டு. பதினாறு கிராம்.
ஒன்றில் சிறு நசிவு.

நசிவையும் எழுதியிருக்கிறார்கள்.
அது எப்படி வந்தது என்று கேட்க
அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை.

மூழ்கும் தேதி அடுத்த மாதம் ஒன்பது.
பக்கத்திலேயே 'திருத்து' பொத்தான்.
கடவுச்சொல் எனக்குத் தெரியும், வைத்ததே நான்.
ஒன்பதுக்குப் பின்னால் இடம் காலியாக இருந்தது.
கொஞ்ச நேரம் அதையே பார்த்தேன்.
பிறகு எழும்பிப்போய்
ஏசியின் கீழிருந்த வாளியை ஊற்றிவிட்டு வந்தேன்.

கீழே முதலாளி யாரோ ஒருத்தியிடம்
"சிஸ்டம் வேல செய்யல, நாளைக்கு வாங்க" என்கிறார்.
அவள் போகவில்லை.
கதிரை இழுபடும் சத்தம்.

நாலு இருபத்தொன்பது. தொண்ணூற்றெட்டு.
டியூப் லைட் போகிறது, ஏசி போகிறது,
எதிர்க்கடை ரேடியோ பாதிச் செய்தியில் போகிறது.
யூபிஎஸ் கத்துகிறது.
இவ்வளவு சத்தமாகவா இவை சுற்றிக்கொண்டிருந்தன?

நூற்றி நாற்பது, நூற்றி நாற்பத்தொன்று,
விநாடிகளை எண்ணுகிறேன்.
படிக்கட்டின் அடியிலிருந்து அவள் குரல்:
"வந்திட்டுதா?"