ஸ்லோ

பொக்ஸ் லான்சர். ஏழு ஸ்ரீ.
என்னிடம் வரும்போதே ஐந்தாம் கையோ ஆறாம் கையோ.
ஓடினால் ஒரு குறை சொல்ல ஏலாது.
நின்றால்தான்.

மாங்குளத்துக் கடவையில் படலை விழும்.
ஒரு ட்ரக்டர், மூன்று மோட்டார் சைக்கிள், நான்.
எஞ்சின் முதலில் இருமும்.
பிறகு எதையோ விழுங்கினமாதிரி ஓர் இறக்கம்,
சிவப்பு விளக்கு.
பின்சீட்டில் நாலு பிள்ளைகள்,
தையல் ஃபெக்டரியில் இரண்டாம் ஷிப்ட் முடித்து
ஒருத்தியின் தோளில் ஒருத்தி நித்திரை.
சத்தம் நின்றதும்தான் எழும்புவார்கள்.

ஏழு மாதம்.
பிளக் நாலும் மாற்றினோம். கொண்டென்சர், கொயில்.
பொயின்ற் இடைவெளியை முதலில் கண்ணாலும்
பிறகு தகட்டாலும் அளந்தோம்.
காபுரேட்டரை இறக்கிப் பெற்றோலில் ஊறப்போட்டு
ஒவ்வொரு ஜெற்றுக்குள்ளும் வாய் வைத்து ஊதினான் மடுத்தீன்.
துப்பிவிட்டுச் சொன்னான், "இனி ஸ்லோ நிக்கும்."
நின்றது. அவன் கராஜ் வாசலில் அரை மணித்தியாலம்,
தகரத்தில் தூறல்போல ஒரே சீராய்.
அன்றிரவு கடவையில் செத்தது.

பெற்றோலில் தண்ணி என்றார் வவுனியாவில் ஒருவர்.
ரைமிங் என்றார் அவருக்குப் பக்கத்தில் நின்றவர்.
"வித்துப்போடு" என்றான் கனடா மச்சான்.
நான் ஸ்லோ ஸ்குரூவைக் கால் திருகு, அரைத் திருகு
ஏற்றி ஏற்றி,
நின்ற இடத்தில் நாய் கலைத்த ஆடுமாதிரிக் கத்த வைத்தேன்.
அது சுகமில்லை.
வருத்தக்காரனைப் பாடச் சொல்லுறது.

விதுர்சாதான் கேட்டாள், கொட்டாவியோடு:
"அண்ணை, கராஜுக்கு எந்நேரம் கொண்டு போறனியள்?"
காலமை.
"எங்கட லைனில ஒரு மெசின்.
காலமை மெக்கானிக் பாத்தால் தங்கம்.
பத்து மணிக்குச் சூடேறினால் நூலைக் கடிக்கும்."
சொல்லிவிட்டுப் படுத்துவிட்டாள்.

எனக்கு என் மண்டையில் குட்ட வேணும்போல் இருந்தது.
ஏழு மாதமாய் நான்
ஆறின காரைக் கொண்டுபோய்க் காட்டியிருக்கிறேன்.

மறுநாள் இரவு பத்தரை.
மடுத்தீன் சாரத்தோடு, சோற்றுக்கையோடு ஓடிவந்தான்.
"நூக்காதை, நூக்காதை!"
பொனற்றுக்குள் நாலு ஃபோன் வெளிச்சம், வெக்கை.
குடிக்கிற போத்தல் மூடியில் ஓட்டை குத்தித்
துளி துளியாய்த் தண்ணீர் விட்டான்.
மனிபோல்ட் ஓரம். ஒன்றுமில்லை.
வாக்குவம் குழாய். ஒன்றுமில்லை.
காபுரேட்டருக்குக் கீழே கறுத்த பேக்லைற் கட்டை.
அதில் விழுந்த துளி வழியவில்லை.
உள்ளே போனது.
எஞ்சின் ஒரு கணம் ஒழுங்காய் மூச்சுவிட்டது,
மறுபடி இருமியது.
"கண்டியளோ?"
ஐந்து பேரும் கண்டோம்.

கழற்றினால் மயிரிழை வெடிப்பு.
அதற்குள் மஞ்சளாய் ஏதோ.
நகத்தால் கிண்டி மணந்து பார்த்தான்: சவர்க்காரம்.
எனக்கு முந்தி எவனோ
சாமான் வராத ஒரு வருசத்தில்
எந்த மரத்துக்குக் கீழேயோ குனிந்து நின்று
இதே வெடிப்பைக் கண்டுபிடித்திருக்கிறான்.
ஆறினால் இறுகும், சூட்டில் இளகும்.
அவனுக்கு அது போதும்.
அப்போது கார் ஓடும், அல்லது நூர்ந்து கிடக்கும்.
சோதனைச் சாவடியில் முதல் சொல்லே நிப்பாட்டு.
நின்றுகொண்டு இயங்க எங்கே இடமிருந்தது?

மடுத்தீன் அந்தத் துணுக்கை ஈரக்கையில் தேய்த்தான்.
கொஞ்சம் நுரைத்தது.

பழைய சாமான் கடையில் கட்டை மூவாயிரத்தைந்நூறு.

நேற்று ரயில் பிந்தியது.
ட்ரக்டர்காரன் நூத்துவிட்டு இறங்கி வெற்றிலை போட்டான்.
பின்சீட்டில் ஒருத்தியும் எழும்பவில்லை.
பழக்கத்தில் என் கை சாவிக்குப் போனது.
எடுத்துத் தொடையில் வைத்துக்கொண்டேன்.
பெற்றோல் வீண்தான்.
படலை எழும்பும்வரை வீணாகட்டும்.