கடை எண் பதினான்கு

இந்தக் கூரையை மல்லாந்து பார்த்ததில்லை இதுவரை.
முப்பத்து மூன்று வருஷம்
இதன் கீழே நின்றிருக்கிறேன்.

டோங்காட்டில் மால் திறந்த அன்று
கரும்புக்காட்டில் தீ வைத்திருந்தார்கள்.
ரிப்பன் வெட்ட வந்தவரின் வெள்ளைச் சட்டையில்
கரித்துணுக்குகள் பறந்து வந்து உட்கார்ந்தன.
யாரும் தட்டிவிடவில்லை.
எங்களுக்கு அது தூறல் மாதிரி.

அப்போது இது செருப்புக்கடை.
படையாச்சி அண்ட் சன்ஸ்.
சன்ஸ் இரண்டு பேரும் கடைப்பக்கம் வந்ததே இல்லை.
என் பொறுப்பில் லே-பை பெட்டி:
வெளிர்மஞ்சள் அட்டை, அட்டைக்கு ஒரு பெயர்,
மாதம் பத்து ரேண்ட், முடிந்தால் இருபது,
ஜனவரியில் பள்ளிக்கூடம் திறக்குமுன்
தீர்க்கவேண்டிய கறுப்புச் சப்பாத்து.

ந்தோம்பிஃபுத்தி ம்க்கீசே பதினோரு தவணை கட்டியிருந்தார்.
பன்னிரண்டுக்கு முன்னால்
கோட்டு போட்ட ஒருவன் கதவில் நோட்டீஸ் ஒட்டினான்.
மூன்றாம் நம்பர் ஜோடியை
என் சாப்பாட்டுப் பையில் போட்டு வெளியே கொண்டுவந்தேன்.
திருட்டு என்றால் திருட்டுதான்.
அவர் வரவில்லையா,
வந்து பூட்டைப் பார்த்துத் திரும்பினாரா, தெரியாது.
அலமாரிமேல் இருந்தது பெட்டி
அந்தக் கால் வளர்ந்து வேறு அளவு கேட்கும்வரை.
அதற்குப் பிறகும்.

அடுத்து வீடியோ கடை.
அதே கல்லா, அதே ஸ்டூல், எனக்கு வேறு நிறத்தில் மேல்சட்டை.
படத்தைத் திருப்பிச் சுற்றாமல் தந்தால் இரண்டு ரேண்ட் அபராதம்.
திரு. மூட்லி சிரித்துக்கொண்டே கட்டுவார்:
‘அடுத்தவன் முடிவிலிருந்து ஆரம்பிக்கட்டுமே!’

தொண்ணூற்று நாலில்
எதிர்ப் பள்ளிக்கூடத்து வாக்கு வரிசை
எங்கள் கார் நிறுத்தம் முழுக்க வளைந்து வந்தது.
அன்று ஒன்றும் விற்கவில்லை.
வாளியில் தண்ணீர் வைத்து, ஒரே குவளை.
யார் வாய் வைத்த குவளை என்று யாரும் பார்க்கவில்லை,
அல்லது பார்க்காத மாதிரி இருந்தோம்.

பிறகு தவணைக்குச் சோபா. பிறகு செல்போன். ஏழே மாதம் அது.
பிறகு மிஸ்டர் லின்னின் செயற்கைக் கூந்தல் கடை.
பாதி செயற்கை இல்லை, நிஜ முடி.
ஒரு பொதியைப் பிரித்தபோது சாம்பிராணி வாசனை,
எனக்கு மட்டும்தான் வந்திருக்கும்.
எந்த நேர்த்திக்கு யார் இறக்கிய முடியோ,
இங்கே நானூற்று ஐம்பது ரேண்ட், வரி உட்பட.

இருபத்தொன்று ஜூலையில்
கூந்தலையும் கல்லாவையும் கொண்டுபோனார்கள்.
பொம்மைத் தலைகள் மட்டும் மொட்டையாக,
தரையெல்லாம்.
காவலாளி ம்லுங்கிசியும் நானும் துடைப்பம் எடுத்தோம்.
அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.
நானும் அவர் முகத்தை.
கண்ணாடி ஒரே சத்தம்தான் போடும்,
யார் கூட்டினாலும்.

மறுவருஷம் வெள்ளம் வந்து குழாய்கள் செத்தன.
காலியான பதினான்கின் முன்னால் தண்ணீர் லாரி நின்றது.
இருபது லிட்டர் டப்பாவோடு நானும் நின்றேன்.
அப்போதுதான் கால் வீங்கத் தொடங்கியது.
நின்று நின்று வந்தது என்று நினைத்தேன்.

இப்போது இங்கே ஆறு சாய்நாற்காலி, ஆறு இயந்திரம்.
திங்கள், புதன், வெள்ளி.
நாலு மணி நேரம்
ரத்தம் என்னை விட்டுப் போய், கழுவிக்கொண்டு வருகிறது.
கல்லா நின்ற இடம்தான் எனக்கு வாய்த்தது.
கூரையில் நான்கு ஆணித்துளை.
தள்ளுபடிப் பலகை தொங்கியது அங்கேதான்.
நிமிர்ந்து பார்க்க அன்று நேரமில்லை.

இயந்திரம் கூவினால்
வலக்கை தானாக எழுந்து சில்லறை தேடுகிறது.
‘என்ன வேணும், ஆண்ட்டி?’ என்கிறாள் நர்ஸ் ஸனேலே.
ஒன்றுமில்லை.
இந்த இடத்துக்குக் குத்தகை எத்தனை வருஷம்?
ஐந்து என்றாள்.
போதும் என்று சொல்ல வாயெடுத்தேன்.
சொல்லவில்லை.

வெளியே யாரோ தள்ளுவண்டிகளை
ஒன்றுக்குள் ஒன்றாக
இடித்து இடித்துச் செருகுகிறார்கள்.